ஆற்றுக்கு அந்தப் பக்கம்

மிசௌரி ஆற்றுக்கு அந்தப் பக்கம்
அயோவா.
இந்தப் பக்கம் நான்,
லிங்கன் நகரத்து உரிம அலுவலகத்தில்
மூன்றாவது மேசை.
வெளிமாநிலத் தாள்கள் என்னிடம்தான் வரும்.

ஆற்றைத் தாண்டினால் ஆச்சு என்று
எத்தனை பேர் நினைக்கிறார்கள்.
அங்கே குடித்தது அங்கேயே வடிந்துவிடும்,
அங்கே ஊதிய மூச்சு அங்கேயே கலைந்துவிடும் என்று.
மூச்சு கலையாது.
0.13 என்று ஓர் எண்ணாகிப்
பாலம் ஏறி வந்து
என் மேசையில் உட்காரும்.

அயோவாக்காரர்கள்
நம் அட்டையை ரத்து செய்வதற்கில்லை.
அது நெப்ராஸ்கா அச்சடித்தது.
தங்கள் சாலைகளை மட்டும் அடைத்துவிட்டு
ஒரு தாள் எழுதுவார்கள்.
மிச்சத்தை நாங்கள் செய்வோம்,
எங்கள் தெருவிலேயே தள்ளாடியதாக வைத்துக்கொண்டு.
சம்பந்தி வீட்டில் மூண்ட சண்டைக்கு
நம் அடுக்களையில் பாத்திரம் உருளுமே, அப்படி.

வியாழக்கிழமை, சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்,
நாற்பத்தோராவது தாள்:
செட்லாசெக், வேட் ஆல்வின்.
பிறந்தது அறுபத்து நான்கு. கண் பழுப்பு.
சொந்த பிக்கப். இரவு 1.20.
கௌன்சில் பிளஃப்ஸ், சூதாட்ட விடுதி தாண்டி
இரண்டாவது சிக்னல்.
ஆகஸ்டில் பிடித்தது, அக்டோபரில் ஒப்புக்கொண்டது.
உரிமம்: வணிக வகை.
கூடுதல் அனுமதி: பள்ளிப் பேருந்து.

அந்தப் பெயரை நான் தாளில் பார்த்ததில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன்,
தினமும் ஏழு பத்துக்கு.
படி ஏறும்போது என் மகள் மாரிஸின்
ஷூ கயிறு அவிழ்ந்திருந்தால்
கட்டி முடிக்கும்வரை மஞ்சள் வண்டி நகராது.
பின்னால் ஒன்பது கார் முனகும்.
சிவப்பு விளக்கை அணைக்க மாட்டார்.
ஒருமுறை பனியில் கையுறையைத் தொலைத்தாள்.
மறுநாள் அது வைப்பரில் செருகி
எல்லாருக்கும் டாட்டா காட்டிக்கொண்டு வந்தது.

சொந்த வண்டிதானே, விடுமுறைதானே என்றெல்லாம்
சட்டம் கேட்டுக்கொண்டிருக்காது.
வணிக உரிமத்துக்கு ஒரு வருடம்,
முதல் தடவை என்றாலும்.
அறுபது தாண்டியவருக்கு ஒரு வருடம் என்பது
எத்தனை வருடம்?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

சாண்ட்விச்சைப் பிரித்தேன், மூடினேன்.
இரண்டு கோடைக்கு முன்
தங்கையின் விவாகரத்தைக் கொண்டாடிவிட்டு
அதே பாலம்.
மூன்று கோப்பை வைன், மூன்றென்றால் நான்கு.
ஜன்னலை இறக்கி, ரேடியோவைக் கூட்டி,
ஊசியில் நூல் கோக்கிற மாதிரி
வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து
வந்து சேர்ந்தேன்.
யாரும் நிறுத்தவில்லை.
அந்தத் தாள் எந்த மேசைக்கும் வரவில்லை.

கட்டின் அடியில் சொருகினால்
திங்கள்வரை யாரும் கேட்கமாட்டார்கள்.
சொருகினேன்.
அன்று பின்சீட்டில்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள் மாரிஸ்.
உருவி எடுத்தேன்.
பெயர், எண், தேதி, தட்டினேன்.
திரையில் ஒரு வட்டம் சுற்றியது,
நின்றது.

இப்போது வண்டி ஓட்டுவது ஓர் இளம்பெண்.
ஏழு பத்து என்றால் ஏழு பத்து.
“வேட் எங்கேம்மா?”
தெரியாது என்றேன்.
என் வேலையில் அதுதான் விதி,
விதி இல்லாவிட்டாலும் அதையே சொல்லியிருப்பேன்.

நவம்பர் கடைசியில் பார்த்தேன்.
நெடுஞ்சாலை ஓரம், கையில் இரண்டு மளிகைப் பை,
காற்றுக்குத் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார்.
நிறுத்தினேன்.
“மாரிஸோட அம்மாதானே” என்று ஏறிக்கொண்டார்.
முட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.
நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஒவ்வொரு சிக்னலிலும்,
நான் மிதிப்பதற்கு அரை வினாடி முன்பே,
அவருடைய வலது கால்
அங்கே இல்லாத பிரேக்கை
அழுத்தியது.